கப்பல் உறவும் ஊர் உறவும்

ஒரே வண்டியில் பத்துப் பதினைந்து நாள்கள் சேர்ந்து பயணம் செய்தவர்களிடையே பிறக்கும் உறவு மெய்யான உறவுதானா? வழியில் பூத்து வழியிலேயே உதிர்ந்துவிடும் ஒன்றை உறவு என்று அழைக்கலாமா? இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து எழவில்லை. 2024 சனவரியில், பொங்கலுக்குச் சில நாள்கள் முன்பு, மாலைத் திருப்பலி முடித்துப் பங்கு இல்லத்திற்குத் திரும்பிய என்னை வாசற்படியில் எதிர்கொண்ட ஓர் இளம்பெண்ணிடமிருந்து எழுந்தது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்தவர் அவர். ஆறாம் தலைமுறைத் தமிழர், கத்தோலிக்கர். தமிழில் அவருக்குத் தெரிந்த சொற்கள் இருபதைத் தாண்டா. அவற்றுள் பாதி சமையலறைச் சொற்கள். பல நாடுகளிலிருந்து வந்த தமிழ் வழித்தோன்றல்களான இளைஞர்களோடு குழுவாகத் தமிழகத்தைச் சுற்றி முடித்து, குழு கலைந்த பின் இரண்டு நாள் சென்னையில் தங்கியிருந்தார். இத்தகைய பயணங்கள் இன்று பெருகி வருகின்றன. நம் மாநில அரசே அயலகத் தமிழ் இளையோருக்காக 'வேர்களைத் தேடி' என்ற திட்டத்தைத் தொடங்கி, 2023 டிசம்பர் இறுதியில் முதல் குழுவை வரவழைத்தது. தென்னாப்பிரிக்கா, மொரீசியசு, பிசி, மார்த்தினிக் எனக் கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர்ந்த நம் மக்களின் பேரப்பிள்ளைகள் சோழர் கோவில்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் காட்சியை நாளேடுகளில் நாம் கண்டோம்.

அப்பெண் தம் கைப்பேசியைத் திறந்து குழுவின் படத்தைக் காட்டினார். ஒவ்வொரு முகமாகத் தொட்டுப் பெயர் சொன்னார். "ஃபாதர், இரண்டு வாரத்திற்கு முன் இவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. இன்று இவர்கள் என் உடன்பிறப்புகள்" என்றார். விமான நிலையத்தில் பிரியும்போது எல்லாரும் அழுதார்களாம். நான் புன்னகை செய்தேன். அதில் சிறிது ஏளனம் கலந்திருக்க வேண்டும். "நீங்கள் நம்பவில்லை" என்று அவர் உடனே சொன்னார். நம்பாததற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதனைப் பின்னர் சொல்கிறேன். சொல்வது எனக்கு எளிதன்று.

இத்தகைய பயணங்களுக்கு இன்றைய உலகின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு யூத மக்களிடையே உள்ளது. 1990இல் அமெரிக்க யூதர்களிடையே எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பு, அண்மையில் மணமுடித்தவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் யூதரல்லாதாரை மணந்திருந்தனர் என்று காட்டியது. நாசி இனப்படுகொலையில் அறுபது லட்சம் பேரை இழந்த ஓர் இனம், எஞ்சியவரும் கரைந்துபோவார்களோ என்று அஞ்சியது. அவ்வச்சத்தின் விளைவுகளுள் ஒன்று 'பர்த்ரைட் இஸ்ரேல்' என்னும் அமைப்பு. பிறப்புரிமை என்பது அப்பெயரின் பொருள். சார்லசு பிரான்ஃப்மன், மைக்கேல் சுடைன்கார்ட்டு என்ற இரு செல்வர்களும், இசுரேல் அரசும், பல நாட்டு யூதச் சமூகங்களும் பொருள் தந்தன. 1999 டிசம்பரில் முதல் குழுக்கள் புறப்பட்டன. பத்து நாள் பயணம். இளைஞர் செலவு செய்ய வேண்டியதில்லை. இதுவரை எட்டு லட்சத்திற்கும் மேற்பட்டோர் சென்று வந்துள்ளனர்.

யூதரைப் பற்றி எழுதப் புகும் கத்தோலிக்கக் குரு முதலில் தலை குனிந்துவிட்டு எழுதுவதே முறை. பெரிய வெள்ளியின் மன்றாட்டில் அவர்களைக் குறித்து வழங்கிய இழிசொல்லைத் திருத்தந்தை 23ஆம் யோவான் 1959இல்தான் நீக்கினார். 1965இல்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கான பழியை அம்மக்கள் அனைவர் மீதும் சுமத்தலாகாது என்று அறிவித்தது. இது ஏதோ ஐரோப்பியரின் கதை என்றும் எண்ணிவிடலாகாது. என் பங்கிலிருந்து நடந்து போகும் தொலைவில், முத்தியாலுப்பேட்டையில், பவளக்காரத் தெரு இருக்கிறது. அங்கு வாழ்ந்த பவள வணிகருள் யூதர் பலர். மத்தியதரைக் கடலின் பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டாவின் வைரத்தைக் கொண்டு சென்றவர்கள். 1688இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது அதன் முதல் உறுப்பினருள் மூவர் யூதர். போர்த்துகலில் 1497இல் கட்டாயமாகத் திருமுழுக்குப் பெற்று, நெஞ்சில் ஒன்றும் உதட்டில் ஒன்றுமாக வாழ்ந்து, பின்னர் இலண்டனுக்கும் ஆம்சுட்டர்டாமுக்கும் தப்பியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கல்லறைக் கற்களும் பழைய இடத்தில் நிலைக்கவில்லை. பெயர்த்தெடுக்கப்பட்டு இன்று ஔவை சண்முகம் சாலையின் ஒரு மூலையில் கிடக்கின்றன. அவர்களின் பேரப்பிள்ளைகள் யாரேனும் வேர் தேடி வந்தால் நாம் காட்டுவதற்கு ஒரு தெருப்பெயரும் சில கற்களுமே உண்டு.

பர்த்ரைட் பயணத்தில் நாற்பது பேர் ஒரு பேருந்து. எருசலேமின் மேற்குச் சுவர். யாத் வாஷெம் நினைவகத்தில் இறந்தோரின் பெயர்களும் முகங்களும். விடியுமுன் எழுந்து மசாதாக் குன்றில் ஏறிக் காணும் கதிரவன். சில நாள்களுக்கு அந்நாட்டு இளைஞர் சிலர், பெரும்பாலும் படைப்பணியில் இருப்போர், அதே பேருந்தில் ஏறிக்கொள்வர். 'மிஃப்காஷ்' என்று அதற்குப் பெயர். சந்திப்பு என்று பொருள். இரவில் தீ மூட்டிச் சுற்றி அமர்ந்து, வீட்டில் எவரிடமும் பேசாதவற்றைப் பேசுவர். பத்தாம் நாள் அழுதுகொண்டே பிரிவர். பிராண்டைசுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, பயணம் சென்றவர்கள் யூதரையே மணக்கும் வாய்ப்பு, செல்லாதவர்களைவிட மிகுதி என்று கண்டுள்ளனர். அழைத்துச் சென்றவர்கள் விரும்பியதும் ஏறத்தாழ அதுவே.

ஆயினும் அப்பேருந்துக்கு உள்ளேயே ஒரு கேள்வி பிறந்தது. 2018இல் சில யூத இளையோர் பயணத்தின் நடுவில் இறங்கிவிட்டனர். "நம்மை இந்நாட்டின் எல்லா இடத்திற்கும் அழைத்துச் செல்கிறீர்கள்; இதே மண்ணில் வாழும் பாலசுதீனரின் வாசலுக்கு மட்டும் ஏன் அழைத்துச் செல்வதில்லை?" என்பது அவர்கள் எழுப்பிய கேள்வியின் சாரம். அவர்களைத் துரோகிகள் என்றவரும் உண்டு. மனசாட்சியின் குரல் என்றவரும் உண்டு. அந்நாட்டு அரசியலுக்குள் நுழைய எனக்குத் தகுதியில்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு அங்கு இரு பக்கத்திலும் சிந்திய குருதியைப் பார்த்தவன், தொலைவில் அமர்ந்துகொண்டு தீர்ப்பு எழுதத் துணியமாட்டான். ஆனால் அக்கேள்வி ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. என் வேரைத் தேடி நான் போகும் இடத்தில் இன்று யாரோ வாழ்கிறார்கள். அவர்கள் என் பயணத்தில் யார்?

யூத மரபே இக்கேள்வியை மிகத் தொன்மையான காலத்தில் கேட்டிருக்கிறது. ஆண்டுக்கு மூன்று விழாக்களுக்கு எருசலேம் செல்லவேண்டும் என்பது திருச்சட்டம். லூக்கா நற்செய்தி காட்டும் நாசரேத்துக் குடும்பமும் அவ்வாறே உறவினரும் ஊராருமாகக் கூட்டமாய்ப் பாஸ்காவுக்குச் சென்றது. திரும்பும் வழியில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் கூட்டத்தில் இல்லை என்பதை அறியாமலே பெற்றோர் ஒரு நாள் தொலைவு நடந்தார்கள். இப்பகுதியை எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறேன். தந்தையின் இல்லம் என்ற மறுமொழியைப் பற்றியே பேசியிருக்கிறேன். அந்த ஒரு நாள் நடையைப் பற்றிப் பேசியதே இல்லை. அவர்கள் கவனமற்ற பெற்றோர் அல்லர். கூட்டம் நிறைந்திருந்தது, பாட்டும் பேச்சுமாக நெஞ்சும் நிறைந்திருந்தது. எல்லாரும் இருக்கிறார்கள் என்ற அந்த நிறைவே இல்லாதவரைக் காணவொட்டாமல் செய்தது.

இணைச்சட்ட நூல் இன்னும் வெளிப்படையானது. முதற்கனிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு வரும் உழவர், பலிபீடத்தின் முன் தம் குலக்கதையைச் சொல்லவேண்டும்: மூதாதை நாடோடியான அரமேயர் என்பதில் தொடங்கி, எகிப்தில் பட்ட அடிமைத் துன்பமும் விடுதலையும் முடிய. இன்றைய மொழியில் அதுவும் ஒரு வேர் தேடும் சடங்குதான். ஆனால் கதை முடிந்தவுடன் சட்டம் அடுத்த வரியில் என்ன கேட்கிறது? நிலமில்லாத லேவியரும் உங்களிடையே வாழும் அந்நியரும் உங்களோடு சேர்ந்து மகிழவேண்டும் என்கிறது. விழா விருந்தில் அடிமையும் கைம்பெண்ணும் அநாதையும் பெயர் சொல்லி எண்ணப்படுகிறார்கள். குலக்கதை சொல்லத் தெரிந்தவனின் கூடையில், அக்கதையில் இடமில்லாதவனுக்கும் பங்கு உண்டு. சொன்ன கதை மெய்யா என்பதற்கு அந்தப் பங்கே சான்று.

விக்டர் டர்னர் என்ற மானிடவியலாளரைக் குருத்துவக் கல்லூரியில் படித்தோம். ஆப்பிரிக்கச் சடங்குகளை ஆராயச் சென்று, பின்னர் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவியவர். தம் மனைவி எடித்துடன் சேர்ந்து திருப்பயணங்களைப் பற்றி 1978இல் நூல் எழுதியவர். பயணத்தில் மனிதர் தம் பதவி, குலம், செல்வம் என்ற அடையாளங்களைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் மனிதராக ஒருவரையொருவர் காண்கின்றனர் என்றும், ஊர் திரும்பியதும் அவற்றை மீண்டும் அணிந்துகொள்கின்றனர் என்றும் அவர் விளக்கினார். அரிசுட்டாட்டிலோ இன்னும் கண்டிப்பானவர். நட்பு வேண்டும் என்ற விருப்பம் விரைவில் பிறக்கும், நட்பு அவ்வாறு பிறக்காது. சேர்ந்து அளவுக்கு உப்பு உண்டாலன்றி ஒருவரை ஒருவர் அறியமுடியாது என்று பழமொழியைச் சுட்டினார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன தமிழருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இவ்விரு ஆசிரியர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டுதான் அப்பெண்ணின் முன் நான் புன்னகை செய்தேன். ஆனால் உண்மைக் காரணம் டர்னரும் அல்லர், அரிசுட்டாட்டிலும் அல்லர்.

2017 ஆகத்து மாதம் எங்கள் பங்கின் இளையோர் அறுபது பேர் வேளாங்கண்ணிக்கு நடந்து சென்றார்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். முதல் மூன்று நாள் நானும் நடந்தேன். பிறகு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, உணவு வண்டியில் ஏறிக்கொண்டேன். அந்த வண்டியிலிருந்து பார்த்தவை இன்றும் கண்முன் நிற்கின்றன. கடற்கரைத் தெருப் பிள்ளைகளும், இரயில் பாதைக்கு அப்பாலுள்ள குடியிருப்பின் பிள்ளைகளும் ஒரே கோவிலுக்கு வருபவர்கள். ஆனால் ஆண்டு முழுவதும் வெவ்வேறு வாசல்களில் நிற்பவர்கள். நடையின் நான்காம் நாளில் அவர்களைப் பிரித்தறிய முடியவில்லை. ஒரே அண்டாவில் சோறு. ஒருவர் காலில் எழுந்த கொப்புளத்தை இன்னொருவர் துடைத்தார். கடலூரைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில், "திருச்சபை என்றால் இதுதான்" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்து மறையுரையிலும் சொன்னேன். மக்கள் கண் கலங்கினார்கள்.

அந்நடையில் அறிமுகமான இருவர், ஓராண்டு கழித்து என்னிடம் வந்து மணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார்கள். இளைஞன் கடற்கரைத் தெரு. பெண் இரயில் பாதைக்கு அப்பால். இருவரும் கத்தோலிக்கர், வயது வந்தவர், வேலையில் இருப்பவர். திருச்சபைச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. அடுத்த வாரமே இரு பக்கத்துப் பெரியவர்களும் தனித்தனியே வந்தார்கள். எவரும் கூச்சலிடவில்லை. "சாமி, ஊர் அமைதி கெடும், திருவிழா நேரம்" என்றார்கள். நான் அவ்விருவரையும் அழைத்துப் பொறுத்திருங்கள் என்றேன். எதற்காக, எவ்வளவு காலம் என்று அவர்கள் கேட்டபோது என்னிடம் விடையில்லை. அறிவிப்பு ஓலை வாசிக்கப்படவில்லை. 2019இல் அவர்கள் பதிவு அலுவலகத்தில் மணமுடித்துக்கொண்டு பங்கைவிட்டுப் போனார்கள். புளியமரத்தடியைப் பற்றி மறையுரை ஆற்றியவன் நான். அதனை உண்மையென்று நம்பியவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. அன்றிலிருந்து, பயணத்தில் பிறந்த உறவு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் புன்னகை வந்துவிடும். அது பட்டறிவின் புன்னகை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

டர்பன் பெண்ணிடம் அன்று மாலை இவற்றைச் சொல்லவில்லை. பயண நட்பு நிலைப்பதில்லை என்று பொதுவாகச் சொன்னேன். அவர் சினம் கொள்ளாமல் ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியென்றால் கப்பல்?"

எனக்கு முதலில் புரியவில்லை. பின்னர் வெட்கினேன். 1860 அக்டோபரில் 'துரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்கா சென்ற முதல் இந்தியர் அவர்கள். அவருள் கத்தோலிக்கரும் இருந்தனர். 1911 வரை ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் அவ்வாறு நேட்டால் மாநிலக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; பெரும்பாலோர் சென்னைத் துறையிலிருந்தே. அவருள் மிகுதியானோர் இன்றைய பேருந்துப் பயணிகளின் வயதினர்தாம்: பதினெட்டு, இருபது, இருபத்தைந்து. ஊரில் ஒரே கிணற்றில் நீர் எடுக்க முடியாதவர்கள் ஒரே கப்பலின் அடித்தளத்தில் ஐந்து வாரம் படுத்தார்கள், ஒரே கொப்பரையில் வெந்ததை உண்டார்கள், கடல் நோயில் ஒருவர் தலையை ஒருவர் தாங்கினார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் குடியேறிய நாடுகள் பலவற்றில் 'ஜஹாஜி பாய்' என்றொரு உறவுமுறை தோன்றியது. கப்பல் உடன்பிறப்பு என்று பொருள். அது பெயரளவில் நிற்கவில்லை. கப்பல் உடன்பிறப்புகளின் பிள்ளைகள் தமக்குள் மணம் செய்வது தகாது என்று கருதுமளவுக்கு அவ்வுறவை இரத்த உறவாகவே மதித்த இடங்கள் உண்டு.

கப்பலைப் புகழ்வதற்காக இதனை எழுதவில்லை. ஏமாற்றி ஏற்றப்பட்டவர், வழியில் இறந்து கடலில் எறியப்பட்டவர், தோட்டத்தில் அடிபட்டவர் ஆகியோரின் துயரத்தில் அழகு தேடுவது பாவம். ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பத்து நாளில் பிறந்த நட்பு பத்து நாளில்தான் சாகும் என்ற என் கணக்கை அக்கப்பல் பொய்யாக்கியது. அவர்கள் இறங்கிய இடத்தில், பழைய அடையாளங்களை மீண்டும் அணிந்துகொள்ளும்படி வற்புறுத்த ஒரு 'சாமி'யும் பெரியவர்களும் காத்திருக்கவில்லை. இருந்தவர்களும் தேவையானவர்களும் அந்தக் கப்பல் உறவினரே. உப்பு உண்ண அவர்களுக்குக் காலம் கிடைத்தது.

மறுநாள் காலை அவரைக் காசிமேட்டுக்கு அழைத்துச் சென்றேன். பங்கு இளையோர் சிலரும், மறைவட்டக் கூட்டத்திற்காக எண்ணூரிலிருந்து வந்திருந்த ஒரு மீனவ இளைஞனும் உடன் வந்தார்கள். அவருடைய மூதாதையர் கப்பலேறிய துறையைக் காட்டும்படி கேட்டார். 1860இல் இங்குத் துறைமுகமே இல்லை, அதைக் கட்டும் வேலை 1870களில்தான் தொடங்கியது என்று விளக்கினேன். கப்பல் ஆழ்கடலில் நிற்கும். கரையிலிருந்து, ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் மக்களை ஏற்றி, சீறும் அலையைக் கடந்து கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அப்படகுகளை ஓட்டியவர்களுள் இராயபுரத்துக் கத்தோலிக்கர் பலர். இராயப்பர் என்ற புனித பேதுருவுக்கு அவர்கள் படகுக் கூலியில் எழுப்பிய கோவில் இன்றும் நிற்கிறது. ஊரின் பெயரையும் அவரோடு சேர்த்தே நாம் சொல்லி வருகிறோம்.

படகோட்டி வழிவந்த ஒரு பையன் இதனைக் கேட்டு, "அப்போ இவங்க தாத்தாவ ஏத்தி விட்டது எங்க தாத்தாவா ஃபாதர்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், உடனே சிரிப்பு அடங்கியது. மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பெண் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருவருக்கும் அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை.

எண்ணூர் இளைஞன் அதுவரை பேசாமல் நின்றான். அதற்கு முந்தைய மாதம், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது நினைவிருக்கும். படகும் வலையும் கரிந்தன. மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் அதை அள்ளினார்கள், அவனும் அள்ளியவன். முன்னங்கையில் தோல் உரிந்திருந்தது. அம்மாத இறுதியில் ஒரு நள்ளிரவு அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி ஓடியதும் அதே எண்ணூரில்தான். அவன் சொன்னான்: "ஃபாதர், இவங்க வேரு எங்கேயோ இருக்குன்னு தேடி வர்றாங்க. எங்க வேரு இங்கேயேதான் இருக்கு. அதுமேல எண்ணெய் படிஞ்சு கிடக்கு. அத யாரு தேடி வருவா?"

அப்பெண் என்ன சொல்கிறான் என்று கேட்டார். சொன்னேன். பிற்பகல் விலைக்கு வாங்க நினைத்திருந்த பட்டுப்புடவையை விட்டுவிட்டு எண்ணூருக்குப் போகலாமா என்றார்.

கழிமுகத்தில் அலையாத்தி மரங்களின் வேர்கள் நீர் ஏறிய மட்டம்வரை கறுத்திருந்தன. ஒரு வேரைத் தொட்டார், விரலில் ஒட்டியது. அவ்விளைஞனின் வீட்டில் அன்று மீன் இல்லை. முட்டைக் குழம்பு வைத்திருந்தார்கள். தரையில் அமர்ந்து உண்டோம். உண்ட பின், பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கப்பல் பட்டியலின் படி. எண், பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், சிற்றூர் என்று பத்திகள். ஊரின் பெயரை எழுத்தர் சிதைத்திருந்ததால் அது எந்த ஊர் என்று எவராலும் சொல்ல இயலவில்லை. இன்னொரு பத்தியில் விரல் வைத்தார். "இது சாதி என்று தெரியும். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. குழுவிலும் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை."

சொல்லை நான் அறிவேன். அந்த வீட்டில் எல்லாரும் அறிவார்கள். இரயில் பாதைக்கு அப்பாலுள்ள குடியிருப்பை எங்கள் கடற்கரைத் தெருவில் குரலைத் தாழ்த்திக் குறிப்பிடும் சொல் அதுவே. என்னோடு வந்த இளையோர் தரையைப் பார்த்தார்கள். நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் கடலில் விழுந்து தொலைந்துபோன ஒன்று எங்கள் நடுவில் ஈரத்தோடு கிடந்தது. அவர் அதைக் கூச்சமின்றி, ஒரு பழைய கருவியின் பெயரைக் கேட்பதுபோலக் கேட்டார்.

ஏதோ ஒரு தொழிற்பிரிவு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாவின் நுனிவரை அது வந்தது. சொல்லவில்லை. சொல்லின் பொருளைச் சொன்னேன். அது இன்றும் இங்கு என்ன செய்கிறது என்பதையும் சொன்னேன். பிறகு, எவரும் கேட்காமலே, வேளாங்கண்ணி நடையையும் அந்த இருவரையும் நான் பொறுத்திருக்கச் சொன்னதையும் சொன்னேன். ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னதைத் தமிழில் இளையோரிடமும் திரும்பச் சொல்லவேண்டியதாயிற்று. அவர்களுள் மூவர் அந்நடையில் நடந்தவர்கள்.

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பரிவும் காட்டவில்லை, கண்டிக்கவும் இல்லை. "அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"திருவொற்றியூரில். எங்கள் கோவிலிலிருந்து பேருந்தில் அரைமணி நேரம்."

"போய்ப் பார்த்தீர்களா?"

அவர் டர்பனுக்குத் திரும்பிய ஞாயிறன்று மாலை போனேன். மாடிப்படி குறுகலாக இருந்தது. கதவைத் திறந்தது நான்கு வயதுப் பெண் குழந்தை. என் வெள்ளை அங்கியைப் பார்த்துவிட்டு, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே ஓடிற்று.